அச்சம் தராத படம்
(மகாவீர் ஜெயந்தி விழாவையொட்டிச் சேலத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் எனத் தானங்கள் நான்கு என்பது சமண இல்லங்களில் குழந்தைகளும் அறிந்த செய்தி. முதல் மூன்றும் கண்ணுக்குத் தெரிபவை. பந்தியில் இலை விழுகிறது. மருத்துவ முகாமில் மருந்து கைக்கு வருகிறது. மாணவருக்குக் கட்டணம் செலுத்தப்படுகிறது. நான்காவதாகிய அடைக்கலம், அபயதானம் என்றும் வழங்கப்பெறுவது. ஓர் உயிருக்கு அச்சமின்மையை அளிப்பது. அதைக் கொடுப்பவரும் காண்பதில்லை. பெறுகின்ற உயிரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கேமராவைக் கையில் ஏந்திக் காட்டுக்குள் அடியெடுத்து வைக்கும் ஒருவர் இத்தானத்தை எவ்வாறு செய்யக்கூடும் என்பதே இவ்வுரையின் பொருள். அதற்கு எடுத்துக்காட்டாக அமைவது சென்னை மாநகரின் நடுவே நிற்கும் கிண்டிக் காடு.

கிண்டி என்றவுடன் சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் பலருக்கு நினைவில் எழும். அவற்றின் பின்னே வேலிக்கு அப்பால் விரிந்து கிடப்பது, சோழமண்டலக் கடற்கரையில் ஒரு காலத்தில் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் எஞ்சிய துண்டு. ஆங்கிலேயர் காலத்தில் அது வேட்டைக் காடாக இருந்தது. 1821-இல் அரசு அதைத் தனியார் ஒருவரிடமிருந்து விலைக்கு வாங்கியது. 1910-இல் 505 ஹெக்டேர் பரப்புடன் காப்புக்காடாக அறிவிக்கப்பெற்றது. விடுதலைக்குப் பின் தேவைகள் ஒவ்வொன்றாக வந்தன. இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1959-இல் எழுந்தது. காந்தியடிகளுக்கு மண்டபம் அமைந்தது. காமராசருக்கும் இராஜாஜிக்கும் நினைவிடங்கள் அமைந்தன. சேலம் நகராட்சியின் தலைவராக இருந்த அதே இராஜாஜியின் நினைவிடமும் அந்தக் காட்டின் ஓரத்திலேதான் நிற்கிறது. இவற்றுள் எதையும் வேண்டாதது என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஆயினும் 1978-இல் தேசியப் பூங்கா என அறிவிக்கும் வேளையில் எஞ்சியது ஏறத்தாழ 270 ஹெக்டேர் மட்டுமே. நல்ல காரணங்களாலேயே ஒரு காடு பாதியாகக் குறையக்கூடும் என்பதற்குக் கிண்டி சான்று.

அந்தப் பாதிக்குள் வெளிமானும் புள்ளிமானும் நரியும் கீரியும் நட்சத்திர ஆமையும் வாழ்கின்றன. மரங்களின் மேல் பறவைகள்; மதிலுக்கு வெளியே பேருந்துகளின் ஓசை; வானில் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள். ஒளிப்படக் கலைஞருக்கு இவ்விடம் எளிதுபோல் தோன்றினும் உண்மையில் கடினமானது. முட்புதரும் குட்டை மரங்களும் நெருங்கியிருப்பதால் வெயில் சல்லடைக்குள் விழுவதுபோல் துண்டு துண்டாக விழுகிறது. முதிர்ந்த ஆண் வெளிமானின் முதுகு கருமை, வயிறு வெண்மை. கருமைக்கு ஏற்ப ஒளியை அளந்தால் வெண்மை வெளிறிப்போகும். வெண்மைக்கு ஏற்ப அளந்தால் கருமையில் உரோமம் தெரியாது. உச்சிவெயிலில் இத்தொல்லை பெருகும். காலையின் சாய்ந்த, மென்மையான ஒளியிலேயே இரண்டும் ஒருங்கே அமையும். எனவே படம் எடுப்பவருக்கு முதலில் வேண்டுவது பொறுமை. விலையுயர்ந்த லென்ஸ் அதற்குப் பின்னரே.

இப்பொறுமைக்குத் தமிழகம் தந்த பெரும் எடுத்துக்காட்டு மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாக 1912-இல் பிறந்தவர். சென்னையில், இன்று இராதாகிருஷ்ணன் சாலை எனப்படும் எட்வர்டு எலியட்ஸ் சாலையில் வாழ்ந்தவர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996-இல் மறையும் வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வண்ணப்படம் பெருகிவிட்ட காலத்திலும் கறுப்பு வெள்ளையிலேயே அவர் நிலைத்து நின்றார். ஒரு கேமராவின் உடலையும் வேறொன்றின் லென்ஸையும் தாமே இணைத்து உருவாக்கிய கருவிக்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று விளையாட்டாகப் பெயரிட்டிருந்தார். பார்ப்பவர் நகைக்கக்கூடிய அக்கருவியைக் கொண்டு அவர் எடுத்த யானைகளும் மான்களும், தம்மை ஒருவர் நோக்குகிறார் என்ற கலக்கம் இன்றித் தத்தம் வேலையில் ஆழ்ந்திருக்கின்றன. படத்தின் அழகு அந்த அமைதியிலிருந்து பிறக்கிறது.

அமைதியைக் கலைப்பது எத்துணை எளிது என்பதற்கு ஒரு செய்தி போதும். வெளிமான் ஈன்ற குட்டி, பிறந்த முதல் நாள்களில் தாயுடன் ஓடித் திரிவதில்லை. புல்லுக்குள் அசையாமல் ஒடுங்கிக் கிடக்கும். தாய் சற்றுத் தொலைவில் மேய்ந்துகொண்டிருக்கும். பாலூட்ட மட்டும் வந்து போகும். அசையாத குட்டியைக் கண்டவர், 'தாயற்ற குட்டி' என்று இரங்கி நெருங்குவதுண்டு. 'அசையாமல் இருக்கிறதே, நல்ல படம் கிடைக்கும்' என்று மகிழ்ந்து நெருங்குவதும் உண்டு. இரக்கமும் மகிழ்ச்சியும் இங்கு ஒரே விளைவைத் தருகின்றன. மனிதர் நிற்கும் வரை தாய் வாராது. குட்டி பசித்திருக்கும். நரியும் நாயும் மனிதர் காட்டிய இடத்தைக் கண்டுகொள்ளும். படம் அழகாக அமையலாம். அதன் விலையைச் செலுத்துவது வேறோர் உயிர்.

முனிவர் நுகத்தடி அளவு நிலத்தை நோக்கி, எறும்பும் மிதிபடாமல் நடக்கும் ஈர்யா சமிதியை இச்சமுதாயம் நன்கு அறியும். காட்டில் கேமராவுடன் நடப்பவருக்கும் அது தக்க பாடமே. பாதையை விட்டு விலகாதிருத்தல். காற்றின் திசையறிந்து அமர்தல். கல்லெறிந்தோ கைதட்டியோ விலங்கைத் திருப்பாதிருத்தல். கூட்டை மறைக்கும் கிளையை வளைக்காதிருத்தல். இரவில் ஃபிளாஷ் ஒளியை ஆந்தையின் கண்ணில் பாய்ச்சாதிருத்தல். படத்திற்காக உணவு இட்டு அழைக்காதிருத்தல். குரங்குக்கு நீட்டும் பிஸ்கட்டு ஈகை போலத் தோன்றும். அது அவ்விலங்கைச் சாலைக்கும் சண்டைக்கும் பழக்கப்படுத்தும். மான் தலை நிமிர்த்திக் காதுகளை விறைத்துப் பார்க்கிறதென்றால் கேமரா ஏற்கெனவே மிக அருகில் வந்துவிட்டது என்று பொருள். அப்பொழுது பின்னே நகர்வதே அபயதானம்.

இத்தகைய படத்தால் காட்டுக்கு ஆவது என்ன? வெளிமான் திறந்த புல்வெளியில் வாழும் உயிர். புதர் அடர்ந்தால் அதன் பார்வை மறையும்; மேய்ச்சலும் குறையும். சீமைக் கருவேலம் போன்ற அயல் மரங்கள் புல்வெளியை மெல்ல மெல்ல விழுங்குவதை நாள்தோறும் காண்பவர் உணர்வதில்லை. கிண்டிக் காட்டுக்குள் போலோ மைதானம் எனப்படும் திறந்தவெளி உண்டு. அத்தகைய இடத்தில் ஒரே புள்ளியில் நின்று, ஒரே திசையை நோக்கி, ஆண்டுதோறும் ஒரு படம் எடுத்து, நாளையும் இடத்தையும் குறித்து வைத்தால், பத்தாண்டுகளில் அப்படங்கள் அசைக்க முடியாத சாட்சியாகும். 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்தபோது, முன்னர் எங்கே என்ன நின்றது என்று சொல்லக்கூடியவை அதற்கு முந்தைய படங்களே.

இன்னும் ஒன்று. கிண்டியில் படம் எடுப்போர் பெரும்பாலும் பின்னணியில் எழும் கட்டடத்தை வெட்டிவிடுகின்றனர். மானும் புல்லும் மட்டும் நின்றால், அடர்ந்த பெருங்காட்டில் எடுத்ததுபோல் தோன்றும். வாய்மையை விரும்புவோர் ஒரு படத்திலேனும் மதிலையும் மாடிவீடுகளையும் இடம்பெறச் செய்வர். அந்த மானுக்கு அப்பால் செல்ல இடமில்லை என்ற உண்மையை அப்படம் ஒன்றே கூறும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் கிண்டி போன்ற காடு நகருக்குள் இல்லை. குரும்பப்பட்டியில் சேர்வராயன் மலையடிவாரத்தில் உள்ள உயிரியல் பூங்காவில் மான்களைக் காணலாம்; அவை அடைப்புக்குள் இருப்பவை. ஆயினும் கன்னங்குறிச்சி மூக்கனேரி இருக்கிறது. நகர மக்கள் கூடித் தூர்வாரி, அந்த மண்ணைக் கொண்டே ஏரிக்குள் திட்டுகள் அமைத்து மரம் வைத்தனர். மனிதர் கால் எளிதில் எட்டாத அத்திட்டுகளில் பறவைகள் தங்குகின்றன. காட்டை விட்டுக்கொடுத்த நகரங்களின் நடுவே, சிறு காட்டை உண்டாக்கிய நகரம் என்னும் பெருமை சேலத்துக்கு உண்டு.

இளைஞர்கள் கைப்பேசியுடனேனும் அந்த ஏரிக்கரையில் ஒரு விடியற்காலையில் அமரட்டும். ஒரே இடத்திலிருந்து மாதம் ஒரு படம் எடுத்து, நாளைக் குறித்து வைக்கட்டும். நாரையோ நீர்க்காகமோ பறந்துவிட்டால் அடுத்த முறை பத்தடி பின்னே அமரட்டும். பதினாறாம் தீர்த்தங்கரர் சாந்திநாதரின் இலாஞ்சனம் மான். பீடத்தில் அம்மானைக் கண்டு வணங்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, புல்வெளியில் நிற்கும் மானின் அமைதி எத்துணை அரியது என்று விளக்கத் தேவையில்லை. படம் எடுத்து முடித்தபின் அவ்வுயிர் முன்போலவே மேய்ந்துகொண்டிருக்குமாயின், அப்படமும் ஒரு தானமே.