செந்நட்சத்திரம் பெற்ற இருவர்

(வாலிபர் சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் படித்தது கிறிஸ்தவ மிஷன் பாடசாலை ஒன்றில். அங்கே மண்டபத்துச் சுவரில், முதல் மகாயுத்தத்தில் மாண்ட பழைய மாணவர் சிலரின் பெயர்கள் பித்தளைத் தகட்டிற் பொறிக்கப்பட்டிருந்தன. காலைதோறும் அவற்றைப் பார்த்தவாறே நின்றதனால், வீரன் என்பவன் துப்பாக்கி ஏந்தி முன்னணியில் நின்று மடிபவனே என்ற எண்ணம் என்னுள் ஊறிவிட்டது. அந்த எண்ணத்தைக் குலைத்த இருவரைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சுபேதார் நாராயண ராவ் நிக்கம். மற்றவர் இமயமலைச் சாரலிலே, பித்தோராகட் பகுதியைச் சேர்ந்த ஹவில்தார் கஜேந்திர சிங் சந்த். இருவரும் பிரித்தானிய இந்தியாவின் இராணுவ சேவைப் படையினர். அதாவது, போர்முனைக்கு உணவும் வெடிமருந்தும் கொண்டுபோய்ச் சேர்ப்பதே கடமையாகக் கொண்டவர்கள். 1944 இல் சோவியத் யூனியன் இவ்விருவருக்கும் 'செந்நட்சத்திர விருது' வழங்கிக் கௌரவித்தது.

ருஷ்யாவுக்கும் தமிழ்நாட்டுச் சிப்பாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1941 ஜூன் 22 இல் ஹிட்லரின் சேனை ருஷ்யாவினுட் புகுந்தது. நேச நாடுகள் ருஷ்யாவுக்குத் தளபாடம் அனுப்ப முக்கியமாக மூன்று வழிகளே இருந்தன. வடக்கே பனிக்கடல் வழியில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் காத்திருந்தன. கிழக்கே விளாடிவொஸ்தொக் வழி யப்பானின் வாசலைக் கடந்து செல்வது. அவ்வழியே ஆயுதம் அனுப்ப இயலாது. எஞ்சியது பாரசீக வழி. 1941 ஆகஸ்ட் 25 இல் பிரித்தானியர் ஒரு புறமும் ருஷ்யர் மறுபுறமுமாக ஈரானுட் புகுந்து அவ்வழியைத் தம் கைக்குட் கொண்டுவந்தனர். ஈரானியரைக் கேட்டுச் செய்த காரியமன்று அது. நடுநிலை நாடொன்றின் மீது நடந்த படையெடுப்பு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

பஸ்ரா முதலிய துறைமுகங்களில் இறங்கிய பொருள்கள், 1938 இல் முற்றுப்பெற்ற ஈரானிய இருப்புப்பாதையாலும், மலை வீதிகளில் லொறிகளாலும் வடக்கே சென்றன. வளைகுடாக் கரையில் உடலைப் பொசுக்கும் வெயில். ஸாக்ரோஸ் மலைக் கணவாய்களில் உறைபனி. ஒரே பயணத்தில் இரண்டையும் காணலாம். யுத்தம் முடியுமுன் அமெரிக்கா ருஷ்யாவுக்கு அனுப்பிய பொருள்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, அதாவது 40 இலட்சம் தொன்னுக்கு மேல், இவ்வழியாகவே சென்றது.

இந்த வழியோடு நமது கொழும்புக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று காலை யப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது குண்டு வீசியதை நம் வீட்டு முதியோர் கதை கதையாகச் சொல்லக் கேட்டிருப்போம். துறைமுகத்தின் அயலிலுள்ள கொட்டாஞ்சேனையில் அக்கதை இன்னும் அதிகம். அன்று அவர்கள் தேடி வந்தது பிரித்தானியரின் கீழைக் கடற்படையை. இந்து சமுத்திரத்தை அக்கடற்படை முற்றாக இழந்திருக்குமாயின் வளைகுடாவுக்குக் கப்பல் போயிராது. பாரசீக வழியும் வரண்டு போயிருக்கும். மலாயா வீழ்ந்தபின் நேச நாடுகளுக்குப் பெருமளவில் றப்பர் கொடுத்ததும் இலங்கையே. லொறி ஓடச் சில்லு வேண்டும், சில்லுக்கு றப்பர் வேண்டும் அல்லவா?

கஜேந்திர சிங் 1936 இற் படையிற் சேர்ந்தவர். 1942 இற் பஸ்ராவுக்கு அனுப்பப்பட்டார். 1943 இல் ஓர் இரவு, பொருள் கொண்டு செல்லும் கடமையில் இருக்கையிற் படுகாயமுற்றார். வைத்தியர்கள் அவரை ஊருக்குத் திரும்பும்படி சொன்னார்கள். அவர் இணங்கவில்லை. குணமானதும் மீண்டும் தம் படைப்பிரிவுக்கே போய்ச் சேர்ந்தார்.

இந்த விஷயத்தை விடுதியில் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அடிமை நாட்டுச் சிப்பாய், எசமானின் யுத்தத்தில், சம்பளத்துக்கு மூட்டை சுமந்தான். இதிலே வீரம் எங்கே?" என்றார். எனக்கு உடனே விடை வரவில்லை. அவர் கேள்வியில் நியாயம் உண்டு. இவர்கள் சேவையாற்றிய அந்த யுத்த காலத்திலே, 1942 ஆகஸ்டில், 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் எழுந்து காந்தியடிகள் சிறைப்பட்டார். 1943 இல் வங்காளத்திலே இலட்சக்கணக்கானோர் சோறின்றி மாண்டனர். பிறநாட்டவர்க்கு உணவு சுமந்த சிப்பாயின் சொந்த நாட்டிலே பட்டினி! இதை நினைக்கையில் எனக்கும் நெஞ்சு கசக்கிறது.

ஆயினும் அன்றிரவு படுத்தபின் ஒன்று தோன்றிற்று. படையிற் சேர்ந்தது சம்பளத்துக்காக இருக்கலாம். மலைவீதியில் ஏறியது கட்டளைக்காக இருக்கலாம். ஆனால், வீட்டுக்குப் போ என்று வைத்தியரே சொன்னபின் திரும்பவும் படைக்குப் போகும்படி எந்தச் சம்பளம் சொல்லிற்று? எந்த எசமான் கட்டளையிட்டான்? அந்த ஒரு முடிவு அவருடையதே. மறுநாட் காலை நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் முழுதாக ஒப்பவில்லை, ஆனால் சிரிக்கவில்லை.

விருதைப் பற்றியும் மிகைப்படுத்தாமற் சொல்ல வேண்டும். 1930 இல் ஏற்படுத்தப்பட்ட செந்நட்சத்திரம் சோவியத்தின் அதியுயர் விருதன்று. யுத்த காலத்தில் ருஷ்யப் படையினர் இலட்சக்கணக்கானோர் அதைப் பெற்றனர். சிவப்பு மினாப் பூசிய ஐந்துமுனை நட்சத்திரம். நடுவிலே துப்பாக்கி ஏந்தி நிற்கும் படைவீரன். அவனைச் சுற்றி, உலகத் தொழிலாளரை ஒன்றுபடச் சொல்லும் வாசகம். பிரித்தானிய மன்னரின் சுபேதாருக்கு இப்படியொரு வாசகம் தாங்கிய பதக்கம்! சரித்திரத்துக்கும் சில வேளை நகைச்சுவை உண்டு.

புறநானூற்றின் இரண்டாம் பாட்டிலே, இரு படைகளுக்கும் பெருஞ்சோறு வழங்கியவன் என்று சேரமான் உதியஞ்சேரலாதனை முரஞ்சியூர் முடிநாகராயர் புகழ்கிறார். பாசறைக்குச் சோறு அனுப்புவதும் போரிலே ஒரு பெருஞ்செயல் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆனால் அங்கே பெயர் பெற்றவன் அரசன். பானையைத் தலையிற் சுமந்து போனவன் யார், எந்த ஊரான் என்று எவரும் பாடவில்லை. 1944 இல் ஓர் அந்நிய நாடு அந்தப் பானை சுமந்தவனைத் தேடி, பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டது. நான் இதைப் பெரிதாக மதிப்பது அதற்காகவே.

2020 ஜூன் 24 இல், வெற்றியின் 75 ஆம் ஆண்டு அணிவகுப்பு மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் நடந்தபோது, இந்திய முப்படையினர் 75 பேரும் அதிலே நடந்து சென்றனர். அவ்வேளையிலேதான் பத்திரிகைகள் இவ்விருவரையும் மீண்டும் நினைத்தன. மாஸ்கோவிலுள்ள ஆயுதப்படைகளின் மத்திய நூதனசாலையில் இவர்கள் பெயர்கள் இடம்பெற்றுள்ளன. தமிழ்நாட்டுச் சுபேதாரும் குமாவூன் மலை ஹவில்தாரும் அங்கே ஒருங்கே நினைக்கப்படுகிறார்கள்.