பேர் சொல்லா மருந்து

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'பேர் சொல்லா மருந்து', 'பிள்ளை வளர்ப்பான்' என்று நம் அகங்களில் வழங்கும் வசம்பு, சதுப்பு நிலத்தில் தானாகவே வளர்ந்து பல்லாண்டு வாழும் பூண்டு. தாவரவியலில் அகோரஸ் கலாமஸ்; ஸம்ஸ்கிருதத்தில் வசா; கன்னடத்தில் பஜே. இலை வாள் போல் நீண்டிருக்கும். மருந்தாவது மண்ணுக்கடியில் படரும் வாசனைக் கிழங்கு.

பாட்டிமார் அதை விளக்கில் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். வயிற்றுப் பொருமலுக்குத் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போடுவார்கள். ஏட்டுச்சுவடிகளைப் பூச்சி அரிக்காதிருக்கவும் வசம்புதான்.

அதன் எண்ணெயில் பீட்டா அசரோன் என்ற ரசாயனம் இருக்கிறது. இந்திய வசம்பில் இது அதிகம். எலிகளுக்கு வசம்பு எண்ணெய் கொடுத்துச் செய்த சோதனைகளில் புற்றுக்கட்டிகள் கண்டதால், அமெரிக்க அரசு 1968-ல் உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தது. அளவு மிஞ்சினால் வாந்தியும் நிற்காது.

ஆகவே அடியேனின் விண்ணப்பம்: புத்தக அலமாரியிலும் பட்டுப்புடவைப் பெட்டியிலும் வசம்பு தாராளமாக இருக்கட்டும். பேரக் குழந்தையின் நாக்கில் வைக்குமுன் மட்டும் குழந்தை வைத்தியரைக் கேளுங்கள். மாட்டுப்பெண் தயங்கினால், "எங்கள் காலத்தில் கொடுக்கவில்லையா?" என்று வற்புறுத்த வேண்டாம். அவள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.