விதைக்கும் வயதாகும்



வீட்டுக் கொல்லையில் சோளம் ஊன்றுகிறோம். பத்துக் குழிகளில் நான்கில்தான் முளை தெரிகிறது. மண்ணைக் குறை சொல்கிறோம். மழையைக் குறை சொல்கிறோம். பக்கத்து வீட்டுக் கோழியையும் திட்டித் தீர்க்கிறோம். பிஸ்கட் டின்னில் ஓராண்டு கிடந்த விதையை மட்டும் நாம் சந்தேகிப்பதில்லை. பார்வைக்கு அது மினுமினுப்பாகத்தானே இருக்கிறது!

சோளமணியின் ஓரத்தில் முளைக்கரு இருக்கிறது. மற்றது பெரும்பாலும் மாவு. முளைக்கருவுக்குத் தாய்ச்செடி கட்டிக் கொடுத்த சோறு அது. ஆனால் அந்த மாவை முளைக்கரு அப்படியே உண்ண முடியாது. ஈரம் பட்டதும் 'அமிலேஸ்' என்னும் நொதி உண்டாகி, மாவைச் சர்க்கரையாக்க வேண்டும். முளைகட்டிய கேழ்வரகு இலேசாக இனிப்பது இதனால்தான். நெல்லில் முளைக்கரு 'ஜிபரலின்' என்னும் பொருளைத் தூது அனுப்புகிறது. மாவைச் சுற்றியுள்ள மெல்லிய படலம் அதைக் கேட்டு நொதியைச் சுரக்கிறது.

விதை கிழடாகும்போது மாவு அப்படியேதான் இருக்கும். உயிரணுக்களின் சவ்வுகள்தாம் சிதைகின்றன. நொதி செய்யும் ஆற்றல் தளர்கிறது. வீடு நிறைய அரிசி இருந்தும் உலை வைக்க ஆளில்லாத கதை! அத்தகைய விதை முதலில் தாமதமாக முளைக்கும், நாற்று மெலிந்து நிற்கும். பிறகு முளைப்பதே நின்றுவிடும்.

ஈரமும் சூடும் இந்த முதுமையை விரைவுபடுத்துகின்றன. விதையின் ஈரப்பதம் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்றும், சூடு 5 பாகை செல்சியஸ் குறைந்தாலும் அவ்வாறே என்றும் ஹாரிங்டன் என்ற அமெரிக்க அறிஞர் கணக்குச் சொன்னார். நம் நாட்டுக் காற்றிலோ ஆண்டு முழுவதும் ஈரம். ஆகவே விதையை நன்றாகக் காயவைத்து, ஆறவிட்டு, காற்றுப் புகாத போத்தலில் அடைக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததை அடைத்தால் புழுங்கிப் பூசணம் பிடிக்கும்.

ரப்பர் கொட்டைக்கு இந்த வைத்தியம் ஆகாது. காய்ந்தால் அது செத்துவிடும். 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன சுமார் 70,000 கொட்டைகளில் ஏறத்தாழ 2,700 மட்டுமே முளைத்தன.

சோளத்தை ஊன்றுமுன் 100 மணிகளை எண்ணி, ஈரத் துணியில் சுருட்டி, நிழலில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். துணி உலரக்கூடாது. 80க்கு மேல் முளைத்தால் தாராளமாக ஊன்றலாம். 60 என்றால் குழிக்கு இரண்டு மணி போடுங்கள். பாதிகூடத் தேறாவிட்டால் புதுவிதை வாங்குவதே இலாபம். பழையதைக் கோழிக்குப் போடலாம். கடையில் வாங்கிய, மருந்து தடவிச் சாயமேறிய விதையாக இருந்தால் கோழிக்கும் ஆகாது, ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.