கரை ஒதுங்கிய துண்டு எந்த விமானத்தோடது?

செட்டியார்பட்டியிலிருந்து பேசுறேன். எங்க ஊர்ப் பக்கம் மலைதான் உண்டு, கடல் கிடையாது. இருந்தாலும் இன்னைக்குக் கடலைப் பத்தித்தான் பேசப்போறோம்.

2023 ஜூலையில மேற்கு ஆஸ்திரேலியாவுல கிரீன் ஹெட் கடற்கரையில பெரிய உருளை ஒண்ணு ஒதுங்குச்சு. பல பேருக்கு உடனே எம்எச்370 விமானம்தான் ஞாபகம் வந்துச்சு. கடைசியில அது நம்ம பிஎஸ்எல்வி ராக்கெட்டோட மூணாவது கட்டமா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு ஆஸ்திரேலிய விண்வெளி முகமை சொல்லுச்சு. கண்ணால பார்த்ததை வச்சு மட்டும் முடிவு பண்ண முடியாது.

அப்போ எப்படித்தான் அடையாளம் காணுறாங்க? முதல் வழி, எண். 2014 மார்ச் 8-ல 239 பேரோட காணாமப் போனது எம்எச்370. 2015 ஜூலை 29-ல ரீயூனியன் தீவுக் கரையில ஒரு ரெக்கைப் பாகம் கிடைச்சது. அடையாளத் தகடு அதுல இல்ல. ஒரே வாரத்துல மலேசியப் பிரதமர் உறுதின்னு அறிவிச்சாரு. பிரெஞ்சு அதிகாரிகளோ "வலுவான வாய்ப்பு"ன்னு மட்டும் சொன்னாங்க. பாகத்தோட உள்பக்கத்துல இருந்த எண் ஒண்ணை, ஸ்பெயின்ல அதைத் தயாரிச்ச நிறுவனத்தோட பதிவுகளோட ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, செப்டம்பர் 3-லதான் உறுதின்னாங்க.

எண்ணே கையில கிடைக்கலேன்னா? அது நம்ம சென்னைக் கதை. 2016 ஜூலை 22, காலையில தாம்பரத்துல இருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்புச்சு விமானப்படையோட ஏஎன்-32, பதிவெண் கே-2743. உள்ளே 29 பேர். வங்காள விரிகுடா மேல காணாமப் போச்சு. வாரக்கணக்கில தேடியும் கிடைக்கல. செப்டம்பர்ல, எல்லாரும் இறந்திருக்கலாம்னு குடும்பங்களுக்குத் தெரிவிச்சாங்க.

ஏழரை வருஷம் கழிச்சு, 2024 ஜனவரியில பாதுகாப்பு அமைச்சகம் ஒரு அறிவிப்பு விட்டுச்சு. பள்ளிக்கரணையில இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தோட ஆளில்லா நீர்மூழ்கி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தூரத்துல, 3,400 மீட்டர் ஆழத்துல சிதைவுகளைப் படம் எடுத்திருந்துச்சு. முதல்ல சோனார், அப்புறம் கேமரா. படங்கள் ஏஎன்-32 ஓட ஒத்துப்போச்சு. அந்தப் பகுதியில வேற எந்த விமானமும் காணாமப் போனதாப் பதிவும் இல்ல. அதனால இது அந்த விமானமா "இருக்கலாம்"னாங்க.

நாங்க சாஃப்ட்வேர்ல பிழை தேடுறப்பவும் இதே கதைதான். லாக்ல ஐடி இருந்தா நேரா போய்ப் பிடிச்சிடலாம். இல்லாட்டி ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வரணும். ஆனா கழிக்கிற பட்டியல் முழுசா இருந்தாத்தான் மிஞ்சுறது விடையாகும். அதனாலதான் அந்த "இருக்கலாம்"ங்கிற வார்த்தை. அது நேர்மையான வார்த்தை. ஆனா ஏழரை வருஷம் காத்திருந்த 29 குடும்பங்களுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு கனம்னு யோசிச்சுப் பாருங்க. தப்பா "உறுதி"ன்னு சொல்லி, பின்னாடி மாத்தினா அது இன்னும் கொடுமை.

ராமேஸ்வரமோ தூத்துக்குடியோ போறப்ப, கரையில புரியாத பாகம் ஏதாவது கிடந்தா, தொடாதீங்க, சுரண்டாதீங்க. மேல ஒட்டியிருக்கிற கொட்டலசுகூட சாட்சிதான். அது வளர்ந்திருக்கிற அளவை வச்சு, எவ்வளவு நாள் மிதந்துச்சுன்னு கணிக்கலாம். போட்டோ எடுங்க, கடலோரக் காவல்படையோட 1554-க்கு போன் பண்ணுங்க. யாரோ ஒரு வீட்ல அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கலாம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.