பிறவியில் வரும் சிறுநீரக அடைப்பு: தாய்மாரும் ஆசிரியைமாரும் அறிய வேண்டியவை

(நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில், ஓய்வுபெற்ற தாதியான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



தலைப்பைப் பார்த்துச் சிலர் பயந்திருப்பீர்கள். நமது பதுளை மாவட்டத்தில் ‘கிட்னி வருத்தம்’ என்றதும் கிராந்துருக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அது வளர்ந்தவர்களின் இரண்டு சிறுநீரகங்களையும் மெல்ல மெல்லக் கெடுக்கிற நோய். அதன் காரணம் இன்னும் முழுதாகத் துலங்கவில்லை. நான் பேச வந்தது வேறொன்று. பிள்ளை தாயின் வயிற்றில் உருவாகும்போதே ஏற்படுவது, பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பது, நேரத்தோடு கண்டால் சரிசெய்யக்கூடியது.

விஞ்ஞான பாடத்தில் சிறுநீர்க்கான் என்று படித்தோம். அந்தச் சொல் எனக்கு உடனே விளங்கியது, ஏனென்றால் என் தகப்பனார் தோட்டத்தில் கான் வெட்டியவர். சிறுநீரகம் வடித்த நீர் முதலில் ஒரு சிறு பையில் சேர்கிறது. அந்தப் பையின் அடியிலிருந்து கான் புறப்பட்டுச் சிறுநீர்ப்பைக்குப் போகிறது. தேயிலை மலைக் கானில் தண்ணீர் சரிவைப் பார்த்துத் தானாக ஓடும். இந்தக் கானிலோ சுவரிலுள்ள தசை அலையலையாகச் சுருங்கி நீரைக் கீழே தள்ள வேண்டும். பையும் கானும் சேரும் இடத்தில் ஒரு சிறு துண்டுத் தசை சரியாக அமையாவிட்டால் அலை அங்கேயே நின்றுவிடும். இன்னும் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதிக்குப் போகும் இரத்தக்குழாய் ஒன்று குறுக்கே விழுந்து கானை மடக்கிவிடும். பீலிக்கு வரும் குழாய் மடிந்தால் மேலே தொட்டி நிரம்பி வழியும் அல்லவா? சிறுநீரகத்தில் வழிய இடமில்லை. பை வீங்கி, அதன் அழுத்தத்தில் சிறுநீரகத்தின் சதை மெலிந்துகொண்டே போகும்.

ஏறக்குறைய ஆயிரம் முதல் 1500 பிறப்புகளுக்கு ஒன்றில் இது காணப்படுகிறது. ஆண் பிள்ளைகளுக்குக் கூடுதலாகவும், இடது பக்கத்தில் கூடுதலாகவும் வருகிறது. கிரகணத்தன்று வெளியே போனதாலோ பப்பாசி தின்றதாலோ வருவதில்லை. மாமியார்மாரும் இங்கே இருப்பதால் இதை இரண்டு தடவை சொல்கிறேன்: தாயின் குற்றம் எதுவும் இதில் இல்லை.

இதில் மோசமான விஷயம், குழந்தைப் பருவத்தில் அனேகமாக நோவே இராது. பிள்ளை பால் குடிக்கும், சிரிக்கும், மூத்திரமும் போகும், மற்றச் சிறுநீரகம் வேலை செய்கிறதே!

நான் சிறுவர் சத்திரசிகிச்சை வார்ட்டில் கடமையாற்றிய காலத்தில் ஊவாத் தோட்டமொன்றிலிருந்து பதினொரு வயதுச் சிறுமியைக் கொண்டு வந்தார்கள். இரண்டு வருடமாக இடைக்கிடை இடது விலாவில் வலி, கூடவே சத்தி. சில மணித்தியாலத்தில் தானாகவே விட்டுவிடும். பூச்சி மருந்து கொடுத்தார்கள், வாயு என்றார்கள். பிறகு, பெரியபிள்ளையாகிற வயதென்று சொல்லி விட்டுவிட்டார்கள். கோயிலில் மந்திரித்த நூலும் கையில் இருந்தது. அந்தப் பிள்ளையிடம் நான் கவனித்தது, அது தண்ணீர் குடிக்கவே பயந்தது. நிறையக் குடித்தால் வலி வருமென்று தானாகக் கண்டுபிடித்திருந்தது. இப்படி வந்து போகும் வலியை 1864இலேயே போலந்து நாட்டு வைத்தியர் டீட்டல் எழுதிவைத்திருக்கிறார், அவர் பெயராலேயே இன்றும் அது அழைக்கப்படுகிறது.

ஸ்கான் செய்ததில் இடது சிறுநீரகம் வெறும் தண்ணீர்ப் பையாகியிருந்தது. மொத்த வேலையில் பத்தில் ஒரு பங்குகூட அது செய்யவில்லை. அதை எடுத்துவிட வேண்டியதாயிற்று. தாய் தகரப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த கர்ப்பகாலக் கொப்பியையும் கொண்டு வந்திருந்தார். அதற்குள் மடித்து வைத்த ஸ்கான் துண்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி: இடது சிறுநீரகம் வீங்கியுள்ளது, பிறந்தபின் மீண்டும் ஸ்கான் செய்யவும். அதை எழுதிய வைத்தியசாலையின் பெயர் இங்கே வேண்டாம். அந்தத் தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. சிங்களத்தில் ஏதோ சொன்னார்கள், பிள்ளை நல்லாயிருக்கு என்று விளங்கிக்கொண்டேன் என்றார். பதினொரு வருடம் அந்த வரி பெட்டிக்குள் இருந்தது.

அந்தச் சிறுமி சுகமாகத்தான் இருக்கிறாள். ஒரு சிறுநீரகத்தோடு முழு ஆயுளும் வாழலாம். ஆனால் இழந்திருக்க வேண்டியதில்லை.

வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குச் சிறுநீரக வீக்கம் என்று ஸ்கானில் வந்தால் உடனே ஒப்பரேஷன் என்று எண்ண வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை தாமாகவே குறைந்துவிடும். பிறந்தபின் ஸ்கான் செய்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பிறந்த முதல் இரண்டு நாளில் குழந்தைக்குச் சிறுநீர் குறைவு, அதனால் வீங்கிய பையும் சுருங்கித் தெரியலாம். வீக்கம் கடுமையாக இருந்தாலொழிய 48 மணித்தியாலத்துக்குப் பிறகுதான் ஸ்கான். அது நன்றாக இருந்தாலும் நாலு முதல் ஆறு வாரத்தில் இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் நமது தாய்மார் விட்டுவிடுகிறார்கள். கிளினிக்குக்குப் போனால் அன்றைக்குப் பேர் இல்லை, பிள்ளையோ கொழுகொழுவென்று இருக்கிறது, எதற்குப் போவது என்ற நினைப்பு.

வீக்கம் மாறாவிட்டால் ஐசோடோப்பு ஸ்கான் செய்வார்கள். பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் அணு மருத்துவப் பிரிவில் இந்த வசதி உண்டு. ஊசி மூலம் சிறிதளவு மருந்து ஏற்றி, ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது, நீர் எவ்வளவு வேகமாக வடிகிறது என்று அளப்பார்கள். பாதிப் பாதியாக இருக்க வேண்டிய பங்கு ஒரு பக்கத்தில் 40 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, அடுத்தடுத்த ஸ்கானில் இறங்கினாலோ, வலியும் காய்ச்சலோடு கூடிய சிறுநீர்த் தொற்றும் வந்தாலோ ஒப்பரேஷன் பற்றிப் பேசுவார்கள். இல்லாவிட்டால் காத்திருப்பார்கள். காத்திருப்பதும் வைத்தியம்தான், திகதிக்குத் திகதி போனால்.

ஒப்பரேஷன் புதிதல்ல. 1891இலேயே ஜேர்மனியில் கூஸ்டர் என்பவர் வெற்றிகரமாகச் செய்தார். இன்று எங்கும் செய்யப்படுவது, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அண்டர்சன், ஹைன்ஸ் என்ற இருவர் 1949இல் வெளியிட்ட முறை. ஹைன்ஸ் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர், தையலில் கைதேர்ந்தவர். கெட்ட துண்டை வெட்டி எடுத்து, நல்ல கானின் வாயை அகலமாகப் பிளந்து, பையோடு சேர்த்துத் தைக்கிறார்கள். கைக்குழந்தையின் கான் எவ்வளவு மெல்லியது என்று எண்ணிப் பாருங்கள்! நூறில் தொண்ணூறுக்கும் மேல் வெற்றி. இலவசமாகவே அரச வைத்தியசாலைகளில் செய்கிறார்கள்.

தையல் ஆறும்வரை உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைப்பது வழக்கம். இதைக் கட்டாயம் கேளுங்கள். சில வாரங்களில் அதை எடுத்தாக வேண்டும். ஒப்பரேஷன் முடிந்தது, பிள்ளை ஓடி விளையாடுகிறது என்று வராமல் இருந்தால் அந்தக் குழாயில் கல் படியும். பிறகு அதை எடுக்கவே இன்னொரு ஒப்பரேஷன். ஒரு வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன், அப்போது தகப்பனைத் திட்டியதற்கு இப்போது வருந்துகிறேன். பதுளையிலிருந்து கண்டிக்குப் போய்வர அந்த மனிதனுக்கு இரண்டு நாள் சம்பளம் போகும், பஸ் காசு வேறு.

இங்கே ஆசிரியைமார் பலர் இருக்கிறீர்கள். வயிற்றுவலி என்று அடிக்கடி வகுப்பிலிருந்து வெளியே போகும் பிள்ளை, சத்தியும் எடுத்து, மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல் வந்தால், ‘பாடத்துக்குப் பயந்த நடிப்பு’ என்று தீர்மானிக்க முன் எந்தப் பக்கம் வலிக்கிறது, தண்ணீர் குடிக்கிறாயா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். விலாப் பக்கம் என்றால், ஒரு ஸ்கானுக்கு அனுப்பும்படி வைத்தியரிடம் கேட்கச் சொல்லித் தாய்க்கு ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள்.

லண்டனிலும் டொரொன்டோவிலும் இதை வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கும் ஒன்று. மேடைக்கும் மதிலுக்கும் நீங்கள் அனுப்பிய பணத்துக்கு நன்றி. அதில் ஒரு சிறு பங்கை, பேராதனைக்குப் பிள்ளையைக் கொண்டுபோகும் தாயின் பயணச் செலவுக்கென்று ஒதுக்கலாமா என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, தலைவி சிரிக்கிறார்.

தேநீர் வேளையில் மண்டபத்தின் பின்வாசலில் இருப்பேன். வீட்டில், லயத்தில், அக்கம்பக்கத்தில் யாரிடமாவது வாசிக்கத் தெரியாமல் வைத்திருக்கும் கிளினிக் கொப்பியோ ஸ்கான் துண்டோ இருந்தால் கொண்டுவாருங்கள். கண்ணாடி கொண்டு வந்திருக்கிறேன்.