ரோபோவைக் கழுவுவது யார்?



கதிர்வீச்சு உள்ள கூடங்களில் நாளை வேலை செய்யப்போகும் பிள்ளைகளுக்கு ரோபோவும் பாதுகாப்பும் எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். கல்பாக்கம் அணு வளாகம் இருக்கும் இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இதற்கு முன்னுரை வேண்டாம். நேராக ஜப்பானுக்குப் போவோம்.

2024 ஆகஸ்ட் 22. ஃபுகுஷிமா டாய்இச்சி அணுமின் நிலையம். 2011 மார்ச் 11-இல் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கி, அடுத்தடுத்த நாட்களில் மூன்று உலைகளின் எரிபொருள் உருகிப்போன இடம். உருகி, உலோகத்தோடும் கான்கிரீட்டோடும் கலந்து இறுகிக் கிடக்கும் அந்தக் கழிவு சுமார் 880 டன் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் ஒரு சிட்டிகையாவது வெளியே எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அதற்காக, தூண்டில் கழி போல ஒன்றுக்குள் ஒன்றாக நீண்டு, 22 மீட்டர் வரை எட்டும் கருவி ஒன்றைச் செய்தார்கள். பல ஆண்டுத் தாமதத்துக்குப் பிறகு அன்றைக்கு அதை 2-ஆம் உலைக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். தொடங்கிய அன்றே நிறுத்தினார்கள்.

கருவியில் பழுது எதுவும் இல்லை. அதைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கு வைத்திருந்த ஐந்து குழாய்களின் வரிசை மாறியிருந்தது. அவ்வளவுதான்.

அந்தக் குழாய்களை முன்கூட்டியே கொண்டுபோய் வைத்தவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். முழுமுகக் கவசம் போட்டுக்கொண்டு, கதிர்வீச்சு அதிகமான இடத்தில், சீக்கிரம் முடித்துவிட்டு வெளியேற வேண்டிய நிலையில் செய்த வேலை. நிலையத்தை நடத்தும் டெப்கோ நிறுவனத்திலிருந்து யாரும் அந்த இடத்தில் நின்று சரிபார்க்கவில்லை. நிறுவனமே பிறகு இதை ஒப்புக்கொண்டது. செப்டம்பரில் மறுபடி தொடங்கினார்கள். ஒரு வாரத்தில் கேமராக்களின் படம் நின்றுபோயிற்று. கடைசியில் நவம்பர் 7-ஆம் தேதி வெளியே வந்தது 0.7 கிராம்.

அந்தத் தொழிலாளர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. என் கேள்வி கருவியை வரைந்த பொறியாளருக்கு. கவசம் மூடிய முகத்தோடு, தடித்த கையுறை போட்ட கையோடு, அவசரத்தில் ஒருவர் இதைத் தூக்கி வைக்கப்போகிறார் என்று அவருக்குத் தெரியும் அல்லவா? வரிசை மாறினால் பொருந்தவே பொருந்தாதபடி குழாயின் முனைகளை அமைத்திருக்கலாமே! இதைக் கல்லூரியில் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

நம் ஊரிலும் ரோபோ ஒரு துறை, பாதுகாப்பு வேறொரு துறை. முதலாவதற்கு ஆய்வகம், போட்டி, பரிசு எல்லாம் உண்டு. இரண்டாவதற்கு, வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் அரைநாள் வகுப்பு. இரண்டும் ஒரே பாடம் என்பதே நான் இன்று சொல்ல வந்தது.

ரோபோ வந்துவிட்டால் மனிதன் மேல் டோஸ், அதாவது உடல் வாங்கும் கதிர்வீச்சு, விழாது என்று பலர் நினைக்கிறார்கள். பொறியியல் மாணவர்களே, இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். உள்ளே போன ரோபோ வெளியே வரும்போது அழுக்கோடு வருகிறது. அதன் சக்கரத்தில், கேபிளில், திருகுகளின் இடுக்கில் கதிரியக்கத் தூசி ஒட்டியிருக்கிறது. அதைத் துடைக்க வேண்டும், கழுவ வேண்டும், கெட்ட கேமராவைக் கழற்றி வேறொன்று மாட்ட வேண்டும். யார் செய்வது? ஒரு மனிதர். கதிரியக்கப் பொருளைக் கையாளும் ‘ஹாட் செல்’ அறையில் மேனிப்புலேட்டர் என்ற இயந்திரக் கையை இயக்கியவர்கள் இங்கே இருந்தால் அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: இயக்குகிறவர் தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பத்திரமாக நிற்கிறார், அதைப் பழுதுபார்க்கிறவர்தான் டோஸ் வாங்குகிறார். சரியாக வடிவமைக்காத ரோபோ மனிதனின் டோஸை ஒழிப்பதில்லை. சம்பளப் பட்டியலில் கீழே இருக்கும் இன்னொரு மனிதருக்கு அதை மாற்றிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. நம் நாட்டில் கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்; டோஸை அளக்கும் அலகு அது. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. அழுக்கேறிய ரோபோவின் பக்கத்தில் மணிக்கு 10 மில்லிசீவர்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேமராவை எட்டுத் திருகு போட்டு மாட்டியிருந்தால் கழற்ற இருபது நிமிடம் ஆகும். மூன்றுக்கும் மேல் மில்லிசீவர்ட் போய்விடும். ஒரே கொக்கியைத் தட்டினால் கழன்று வரும்படி செய்திருந்தால் இரண்டு நிமிடம், பத்தில் ஒரு பங்கு டோஸ். திருகா கொக்கியா என்பது வரைபடத்தில் ஐந்து நிமிட முடிவு. அந்த ஐந்து நிமிடத்தில் உங்கள் கண்முன்னால் அந்தத் தொழிலாளி நிற்க வேண்டும்.

அதனால் பயிற்சியின் முதல் நாளில் நிரல் எழுத வேண்டாம். பருத்திக் கையுறை, அதன் மேல் ரப்பர் கையுறை இரண்டு, முழுமுகக் கவசம். இவற்றைப் போட்டுக்கொண்டு, நீங்கள் செய்த ரோபோவை நீங்களே பிரித்து மாட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் சொல்வது கவசத்துக்குள் கேட்காது. கண்ணாடி வியர்வையில் மங்கும். சின்னத் திருகு விரலுக்குச் சிக்காது. அதற்குப் பிறகு உங்கள் வரைபடம் தானாக மாறும்.

அடுத்தது, திரும்பி வரக் கற்றுக்கொடுப்பது. 2017 பிப்ரவரி 9-இல் ஃபுகுஷிமாவின் 2-ஆம் உலைக்குள் வழியைச் சுத்தம் செய்ய ஒரு ரோபோவை அனுப்பினார்கள். இரண்டு மணி நேரத்தில் கேமராப் படம் இருண்டுகொண்டே வந்தது. கதிர்வீச்சு கேமராவின் சில்லைத் தின்கிறது. கண்ணாடி வில்லை பழுப்பேறுகிறது. கேபிளின் உறை நாளடைவில் மொரமொரப்பாகிறது. படம் முழுக்கப் போவதற்குள் ரோபோவைப் பின்வாங்கி வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரே வாரத்தில், அந்த வழியிலேயே, ‘தேள்’ என்று பெயரிட்ட இன்னொன்று போயிற்று. சக்கரப் பட்டை சிக்கி நின்றது. கேபிளை வெட்டி அங்கேயே விட்டுவிட்டார்கள். எல்லாரும் ‘தேள்’ ரோபோவைப் பற்றித்தான் எழுதினார்கள். எனக்கு முதல் ரோபோவை இயக்கியவர்மீதுதான் மரியாதை. வேலை பாதியில் இருக்கும்போது ‘போதும், வெளியே எடு’ என்று சொல்ல ஒருவருக்குத் துணிவு வேண்டும், அப்படிச் சொன்னதற்காக அவரைத் திட்டாத மேலாளர் வேண்டும். அதே ஆண்டு ஜூலையில் 3-ஆம் உலையின் நீருக்குள் இறங்கி உருகிய எரிபொருள் போலத் தெரிந்ததை முதன்முதலில் படமெடுத்தது 13 செ.மீ. விட்டமுள்ள ஒரு நீந்தும் ரோபோ. அதற்கு முன் யோகோசுகாவில் ஒரு நீர்த்தொட்டியில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் அதை இறக்கினார்கள்.

ஜப்பானைப் புகழ்வது என் நோக்கமல்ல. அவர்கள் இதைக் கற்க நேர்ந்த விதம் வேதனையானது. 1999 செப்டம்பர் 30-இல் தொகாய்முரா என்ற ஊரில் யுரேனியக் கரைசலை வாளியில் அள்ளித் தொட்டியில் ஊற்றும் வேலையில் இருந்த தொழிலாளர்கள் மூவர். விதித்த முறையை விட்டுவிட்டு அப்படிச் செய்தால் அணுக்கருத் தொடர்வினை தொடங்கிவிடும் என்று அவர்களுக்கு யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை. இருவர் இறந்தார்கள். அதன் பிறகு அரசு பணம் ஒதுக்கி அணு விபத்துக்கான ரோபோக்களைச் செய்தது. ஆனால் இனி இவற்றுக்கு வேலை வராது என்று அந்தத் திட்டத்தைத் தொடராமல் விட்டார்கள். 2011-இல் ஃபுகுஷிமாவின் உலைக் கட்டடங்கள் வெடித்தபோது கையில் தயாராக ஒன்றும் இல்லை. ஏப்ரலில் கட்டடத்துக்குள் முதலில் நுழைந்தவை அமெரிக்காவிலிருந்து வந்த ‘பேக்பாட்’ ரோபோக்கள். இயந்திரம் துருப்பிடித்தால் இன்னொன்று வாங்கலாம். பழகிய ஆட்கள் கலைந்து போனால் அவர்களைக் கடையில் வாங்க முடியாது.

இப்போது அவர்கள் செய்வதுதான் நமக்கு வேண்டியது. நராஹா என்று ஒரு சிற்றூர், நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள். ஊரைக் காலி செய்யச் சொன்ன உத்தரவு 2015 செப்டம்பரில்தான் நீங்கியது. அங்கே ஒரு பெரிய ஒத்திகைக் கூடம் கட்டினார்கள். உலையின் பாகங்களை அசல் அளவில் செய்து வைத்திருக்கிறார்கள், கதிர்வீச்சு மட்டும் கிடையாது. 2016 முதல் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கு அந்தக் கூடத்தில் ரோபோப் போட்டி நடத்துகிறார்கள். நம் பாலிடெக்னிக் வயதுப் பிள்ளைகள். இயந்திரத்தை நேரில் பார்க்கக்கூடாது, கேமராப் படத்தை மட்டும் பார்த்து இயக்க வேண்டும். பத்து நிமிடத்துக்குள் உள்ளே போய் வேலையை முடித்துவிட்டு வர வேண்டும். தோற்கிற பிள்ளைகளுக்கு அங்கே கிடைக்கும் அறிவு, ஜெயிக்கிறவர்களுக்குக் கிடைப்பதைவிட அதிகம் என்று நினைக்கிறேன்.

நம் கதைக்கு வருவோம். கல்பாக்கத்துச் சோதனை ஈனுலை, அதாவது எரிபொருளை எரித்துக்கொண்டே புது எரிபொருளையும் உண்டாக்கும் உலை, 1985-இல் இயங்கத் தொடங்கியது. 1987 மே மாதம் எரிபொருளை இடம் மாற்றும்போது ஓர் எரிபொருள் தொகுப்பு வளைந்து, வழிகாட்டிக் குழாயும் வளைந்து சிக்கிக்கொண்டது. உலைக்குள் திரவ சோடியம். அதற்குள் எட்டிப் பார்க்க முடியாது, அது ஒளி புகாத உலோகம். அதற்கென்றே தொலைவிலிருந்து இயக்கும் வெட்டுக் கருவியைச் செய்து, குழாயை வெட்டி எடுத்து, இரண்டு ஆண்டுக்குப் பிறகு உலையை மறுபடி ஓட்டினார்கள். இந்த மாவட்டத்துக்காரர்கள் பெருமையோடு சொல்ல வேண்டிய பொறியியல் அது. எத்தனை கல்லூரிகளில் இதைப் பாடமாக நடத்துகிறார்கள்?

பெருமை மட்டும் பேசினால் போதாது. 2003 ஜனவரி 21-இல் அதே கல்பாக்கத்தில், எரிபொருள் மறுசுத்திகரிப்புப் பிரிவின் கழிவுத்தொட்டி அருகே ஆறு பேர் வரம்பை மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். ஒரு வால்வு பழுதாகி, வீரியமான கழிவு வீரியம் குறைந்த தொட்டிக்கு வந்துவிட்டது. வழக்கம்போல மாதிரி எடுக்கப் போனார்கள். ஆபத்து என்று எச்சரிக்கும் கருவி அந்த இடத்தில் இல்லை. மாதிரி எடுப்பது, வால்வைப் பார்ப்பது, அளவைக் குறிப்பது: இவையெல்லாம் ஒரு சிறு ரோபோ செய்யக்கூடிய வேலைகள். ஆனால் அந்த ரோபோவுக்கு முன்னால், விலை குறைந்த ஓர் அளவுமானி அங்கே இருந்திருக்க வேண்டும். இந்த வரிசை தெரிந்த பொறியாளர்தான் நமக்கு வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். கல்பாக்கத்தைச் சுற்றியுள்ள கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் சேர்ந்து ஓர் ஒத்திகைக் கூடம் அமைக்க வேண்டும். கதிர்வீச்சு வேண்டாம், தகரத்திலும் குழாயிலும் செய்த மாதிரிகள் போதும். கல்பாக்கத்தின் புதிய ஈனுலையில் முதன்மைக் கலத்துக்கும் அதைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் கலத்துக்கும் நடுவே 30 செ.மீ. இடைவெளியில் ஊர்ந்து சோதிக்கும் வண்டி ஒன்றை நம் விஞ்ஞானிகள் செய்திருக்கிறார்கள். அந்த இடைவெளியை மரத்தில் செய்து வைத்துவிட்டு மாணவர்களை முயலச் சொல்லலாம். நின்றுபோன வண்டியை வெளியே இழுத்துக்காட்டினால்தான் மதிப்பெண் என்று வைக்கலாம். கழுவுகிற, பழுதுபார்க்கிற ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் ஒவ்வொரு தேர்விலும் நடுவராக உட்கார வேண்டும். அவருக்குப் பேராசிரியருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியம் கொடுக்க வேண்டும்.

கூடம் கட்ட நாளாகும், ஆசிரியர்களை இன்றே தேடலாம். கல்பாக்கத்தில் உழைத்து ஓய்வு பெற்று, பின்வரிசையில் இருக்கும் ஐயாக்களே, அம்மாக்களே, உங்களில் கையுறை போட்டு வால்வு திருப்பியவர்கள், டோஸ் அளக்கும் பேட்ஜ் மாட்டிக்கொண்டு உள்ளே போய் வந்தவர்கள், மேனிப்புலேட்டரைப் பிரித்துச் சேர்த்தவர்கள் இருக்கிறீர்கள். வாசலில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். உங்கள் பெயரையும், பார்த்த வேலையையும், மாதத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமை வர முடியும் என்பதையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள். மாணவர்களே, நீங்கள் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள்.