சட்டைக் கையை விடாதவர்
(வானொலியில் ஒலிபரப்பான தவக்கால மறையுரை)



ஜூடோ பழகப் போகிறவர், எதிராளியைத் தூக்கி எறியும் வித்தையை முதல் நாளே கற்றுக்கொள்ளலாம் என்று ஆசையோடு போவார். ஆனால் அங்கே முதலில் சொல்லித் தருவது விழுவதற்கு. 1882-ஆம் ஆண்டு டோக்கியோவில், எய்ஷோஜி என்னும் பௌத்தக் கோயிலில் ஜிகோரோ கானோ என்ற ஆசிரியர் தொடங்கிய கலை இது. விழும் பயிற்சிக்கு ஜப்பானியர் 'உகெமி' என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

முதலில் பாயில் படுத்தபடி, பிறகு குந்தியிருந்து, அதன்பின் நின்ற நிலையிலிருந்து விழுந்து விழுந்து பழக வேண்டும். மல்லாந்து விழும்போது தலை மோதாதபடி முகவாயை நெஞ்சோடு சேர்த்து, இடுப்புக் கச்சையின் முடிச்சைப் பார்க்க வேண்டும். உடம்பை விறைக்கக் கூடாது. முதுகை வளைத்து, மூச்சை வெளியே விட்டு, இரு கைகளாலும் பாயை ஓங்கி அறைய வேண்டும். விழாமல் தப்பிக்க நினைத்துக் கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டே முறியலாம்.

நாமும் பாவத்தில் விழுகிறோம். விழவில்லை என்று காட்டிக்கொள்ளக் கையை ஊன்றுகிறோம். "நான் அப்படிச் சொல்லவேயில்லை", "அவர்தான் முதலில் ஆரம்பித்தார்" என்கிறோம். ஒரு பொய்யைத் தாங்க இன்னொரு பொய். கணவன் மனைவியரும் உடன்பிறந்தோரும் ஆண்டுக்கணக்கில் பேசாமல் போவது, பல வேளைகளில், முதல் தவற்றால் அல்ல. அதை ஒப்புக்கொள்ள மறுத்த விறைப்பால்தான்.

ஜூடோவில் இன்னொரு வழக்கமும் உண்டு. எறிகிறவர் தம் தோழரின் சட்டைக் கையை விட்டுவிடுவதில்லை. அவர் பாயில் விழுந்து முடியும்வரை அதை மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருப்பார். அந்தப் பிடிதான் விழுகிறவரின் தலையைக் காக்கிறது.

லூக்கா நற்செய்தியின் 22-ஆம் அதிகாரத்தில் பேதுரு விழுகிறார். ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று மும்முறை மறுதலிக்கிறார். ஆனால் அதற்கு முன்பே, இராவுணவின்போதே, அவருடைய நம்பிக்கை தளராதிருக்கத் தாம் மன்றாடியதாக இயேசு சொல்லிவிட்டார். பேதுரு விழுமுன்னரே ஆண்டவர் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். சேவல் கூவியதும் ஆண்டவர் திரும்பிப் பார்த்தார். பேதுரு சாக்குப்போக்கு ஒன்றும் சொல்லவில்லை; வெளியே சென்று மனம் கசந்து அழுதார். விழத் தெரிந்தவரின் கண்ணீர் அது.

மனந்திரும்பியபின் சகோதரரை உறுதிப்படுத்தும் பொறுப்பையும் இயேசு அவரிடமே ஒப்படைத்திருந்தார். தாங்கப்பட்டவர் பிறரைத் தாங்க வேண்டும். பிள்ளைகளை நாம் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் கண்டிக்கும் அந்த நேரத்தில் அவர்களுடைய கையை விட்டுவிடுகிறோமா? "இனி என் முகத்தில் விழிக்காதே" என்று சொல்லும்போது விட்டுவிடுகிறோம்.

இந்தத் தவக்காலத்தில் ஒப்புரவு அருளடையாளத்தை நாடிச் செல்வோம். அங்கே கையை ஊன்றாமல், விழுந்ததை விழுந்தபடியே சொல்வோம். பிறகு, நாம் கைவிட்ட ஒருவரைத் தேடிச் சென்று, அவருடைய கையை மீண்டும் பற்றிக்கொள்வோம்.

ஆண்டவரே, நாங்கள் விழும்போது எங்களை விட்டுவிடாதேயும். பிறர் விழும்போது நாங்களும் கையை விடாதிருக்க அருள்தாரும். ஆமென்.